பெட்டிக்குள் இரண்டு மூடி

அன்றைக்கு யார் வந்திருந்தாலும் வேதா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பாள். முந்தின நாள் முழுக்கச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில், கொட்டுகிற மழையில் நின்று, ஒரு மாப்பிள்ளைப் பையன் குடிப்பானா மாட்டானா என்று டீக்கடை டீக்கடையாக விசாரித்திருந்தாள். பையன் தங்கம். அதைச் சொன்னதும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் மனிதர் அனுப்பியிருக்கிறார். இதற்கா என் முழங்காலைத் தேய்த்தேன் என்று வேதாவுக்கு வெறுத்துப்போயிற்று.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைத் தோண்டித் தோண்டியே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, விசாரணை அலுவலகம் என்று பலகை மாட்டினாள். தோண்டுகிற பிழைப்பு மட்டும் விட்டபாடில்லை. கூட இருப்பவன் தம்பி கிட்டு. நாற்பது வயசு. வேலை பார்த்த கூரியர் கம்பெனியை மூடியதிலிருந்து அக்காவுக்கு வலது கை. யாராவது படியேறும் சத்தம் கேட்டாலே கொலைக் கேஸ் வருகிறதென்று நிமிர்ந்து உட்காருவான்.

அன்று படியேறி வந்தவர் ஜெபராஜ். கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடில், மேஜைமேல் பந்தை நீளக் கம்பால் தட்டிக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்துக்கு ஒரு பார்லர் நடத்துகிறவர். ஈரக் குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்தார்.

"ஒரு ஸ்டிக் காணாமப் போச்சு மேடம்."

"ஸ்டிக்கா?" என்றான் கிட்டு. அவன் முகம் வாடிவிட்டது.

"சாதா ஸ்டிக் இல்ல தம்பி. கார்த்தின்னு ஒரு பையன், காட்டாங்குளத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். அவங்க மாமா அமெரிக்காவுலேர்ந்து கொண்டாந்தது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பெட்டியோட எங்க அலமாரில வெச்சுப் பூட்டினது. திங்கக்கிழமை தொறந்தா பெட்டி இருக்கு, ஸ்டிக் இல்ல. சாவி எங்க மார்க்கர் சக்திகிட்ட. வேற யார்கிட்டயும் கெடையாது."

"மார்க்கர்னா?"

"டேபிள் பாத்துக்கற பையன் மேடம். கோவளம் பக்கம் குப்பத்துலேர்ந்து வரான். அம்மா மீன் விக்கறாங்க. அவன் ஆட ஆரம்பிச்சா மத்த டேபிள்ல ஆட்டம் நின்னுரும், அப்படி ஒரு கை. வர்ற ஞாயிறு மாநில செலக்ஷன். எங்க கிளப்லேர்ந்து ஒரு பேர்தான் அனுப்பலாம். ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை கிடைக்கும். அவன் பேரத்தான் குடுத்திருந்தேன். திருட்டுப் பட்டத்தோட இப்ப எப்படி அனுப்பறது? கார்த்தியை அனுப்பலாமான்னு இருக்கேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எந்தப் பேருன்னு போன்ல சொல்லியாகணும்."

"நீங்களே தீர்மானம் பண்ணியாச்சு. அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

ஜெபராஜ் குடையின் கைப்பிடியைத் திருகினார். "நேத்து அந்தப் பையனோட அம்மா, அங்காளம்மான்னு பேரு, எங்க கடைக்கு வந்தாங்க. சண்டை போடுவாங்கன்னு பாத்தேன். மீன் கூடைய எறக்கி வெச்சுட்டு வாசப்படில பேசாம உக்காந்துட்டாங்க. மூடற வரைக்கும். எனக்குத் தூக்கமே வரல மேடம்."

வேதா பெருமூச்சு விட்டபடி செருப்பை மாட்டினாள்.

*

பார்லர் ஒரு மாடி ஹால். பச்சைத் துணி போர்த்திய மேஜைகள், மேலே தொங்கும் விளக்குகள். சுவரில் கிளப் ஸ்டிக்குகளுக்கான மரச் சட்டம். எல்லாக் குழியிலும் ஒவ்வொரு ஸ்டிக் நிற்க, இடம் கிடைக்காமல் ஒன்று மட்டும் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.

"சட்டம் பத்தலையா?" என்று கேட்டாள் வேதா.

"ஸ்டிக் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரிதான் மேடம் அடிச்சோம். ஏன், சரியாத்தான இருக்கும்?" என்றார் ஜெபராஜ், திரும்பிப் பார்க்காமலே. சொந்தக்காரரே தவிர அவருக்கு ஆட வராது. வீடியோ கேசட் கடை படுத்துவிட்டதால் பூல் வைத்தவர்.

கவுன்ட்டரின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடந்தது. உள்ளே டிபன் பாக்ஸ், துண்டு, சீப்பு, பஸ் பாஸ். மடித்த துணிப் பை ஒன்று அதன் கீழே இருந்தது.

"அது சக்தியோடது," என்றார் ஜெபராஜ், குரலை இறக்கி. "திங்கக்கிழமை அவன் பையை டேபிள் மேல கொட்டிப் பாத்தேன். எல்லாரும் இருந்தாங்க. ஒண்ணும் இல்ல. அவன் எடுக்காமயே போயிட்டான்."

"டேபிள்ல எந்த எடத்துல கொட்டினீங்க?" என்று ஆரம்பித்த கிட்டுவை வேதா ஒரு பார்வை பார்த்தாள்.

ஹாலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அசரியா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மேஜை விளிம்பில் கண்ணை வைத்துக் கோணம் அளந்து அடிப்பவர். கோணம் சரியாக இருக்கும், பந்து மட்டும் குழிக்குள் போகாது என்று ஊரே சொல்லும். ஆனால் இவர்கள் பார்க்கும்போது அவர், சுவரில் சாய்ந்திருந்த அந்த ஸ்டிக்கை வேறு யாரும் எடுத்துவிடப் போகிறார்களோ என்பதுபோல ஓடிப்போய் எடுத்துவந்து, கிட்டுவின் கண்ணெதிரிலேயே மூன்று பந்தை வரிசையாக உள்ளே தள்ளினார்.

"சக்தி போனதுலேர்ந்து கிளப் நெலமை அப்படி," என்று ஜெபராஜ் முணுமுணுத்தார். "அசரியா சாரே இந்த வாரம் பூரா ஜெயிக்கிறார்னா பாத்துக்குங்க. அந்த ஸ்டிக்தான் ராசியாம்."

மற்றவன் கார்த்தி. தோளில் சட்டை நனைந்திருந்தது. பெட்டியைத் திறந்து காட்டினான். அடேயப்பா, உள்ளே ஒரு குட்டிக் கடையே இருந்தது. ஒரு கைக்கு மட்டும் போடுகிற உறை, ஸ்டிக் நுனியில் தேய்க்க நீலச் சாக்குக் கட்டிகள், அந்த நுனியைச் சொரசொரப்பாக்க ஒரு ராவு தகடு, பவுடர், துடைக்கும் துணி. ஸ்டிக்கின் இரண்டு பாதிக்கும் இரண்டு நீளப் பள்ளங்கள். அவை காலி. ஓரத்துச் சிறு பையில் கட்டைவிரல் அளவில் இரண்டு மூடிகள்.

"இது என்னப்பா?"

"ஜாயின்ட் மூடி ஆன்ட்டி. ஸ்டிக்கைப் பிரிச்சா ஒரு பாதில ஸ்க்ரூ நீட்டிட்டிருக்கும், இன்னொரு பாதில ஓட்டை. ரெண்டுலயும் இதைத் திருகி மூடிடணும். இல்லேன்னா நம்ம ஊர் ஈரத்துக்கு மரம் ஊதிடும், அப்புறம் ஒழுங்கா சேராது."

"வேற ஸ்டிக்குக்குப் போடலாமா?"

"கிளப் ஸ்டிக்கெல்லாம் ஒரே துண்டு, பிரிக்கவே முடியாது. பிரிக்கற ஸ்டிக்கு வெச்சிருக்கறது இங்க நான் ஒருத்தன்தான். வேற இருந்தாலும், மரை பொருந்தினாத்தான் இது ஏறும்."

"ஆடும்போது மூடியை எங்க வைப்ப?"

"இந்தப் பையில. பழக்கம் அப்படி."

"உன் ஸ்டிக் பாக்க எப்படி இருக்கும்?"

கார்த்தியின் முகத்தில் முதல் தடவையாகப் பெருமை தெரிந்தது. "அதுதான் ஆன்ட்டி விசேஷம். மத்த ஸ்டிக்ல ஜாயின்ட்ல பளபளன்னு ஸ்டீல் வளையம் இருக்கும். இதுல மரத்தோட மரம் சேரும். சேர்த்துட்டா கோடுகூடத் தெரியாது. எதிராளி சாதா கிளப் ஸ்டிக்னு ஏமாந்துடுவான்."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி நீயே பிரிச்சு, மூடி போட்டு, உள்ள வெச்சியா?"

"நானேதான்," என்றான். பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அதுக்கப்புறம் இங்க ஆடவே இல்லையா?"

"கிளப் ஸ்டிக்கை நான் தொடறதில்ல."

வேதா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். "ஜெபராஜ், சக்தியை வரச் சொல்லுங்க. அன்னிக்கு இருந்தவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் எனக்கு ஒரு டீ."

"அக்கா, கண்டுபிடிச்சிட்டியா?" என்று காதில் கிசுகிசுத்தான் கிட்டு. "டூப்ளிகேட் சாவி, அதான? மெழுகுல அச்சு எடுத்து…"

"வாய மூடிண்டு டீ வாங்கிண்டு வாடா."

*

கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. ஹாலில் வழக்கமான கும்பல் சேர்ந்திருந்தது. சக்தி கதவருகில் நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை. ஒல்லியான பையன், வலது கையின் நகக்கண்களில் இன்னும் நீலச் சாக்குக் கறை போகாமல் இருந்தது.

"உள்ள வாப்பா," என்றாள் வேதா.

"வரக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு," என்றான் சக்தி, ஜெபராஜைப் பார்க்காமல். "இங்கியே நிக்கறேன். கேளுங்க."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி என்ன நடந்தது?"

"நானும் கார்த்தியும் ஆடினோம். நான் ஜெயிச்சேன். அவரு கோவமா போயிட்டாரு. கவுன்ட்டர்ல பெட்டி மூடி இருந்துச்சு. அலமாரில வெச்சுப் பூட்டிட்டு, பஸ்ஸு போயிடும்னு கெளம்பிட்டேன். பெட்டிய தொறந்துகூடப் பாக்கல. இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"வெயிட் கம்மியா இல்லியா?" என்று கிட்டு பாய்ந்தான்.

"அந்தப் பெட்டில ஸ்டிக்க விட மத்த சாமான்தான் சார் கனம்."

யாரோ சிரித்தார்கள். வேதா எழுந்து வந்து, பெட்டியிலிருந்த மூடிகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் களைப்பா இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். கிட்டு, நீ திருடன்னு வெச்சுக்கோ. பெட்டியைத் தொறக்கற. ரெண்டு துண்டு, ரெண்டுலயும் மூடி. என்ன பண்ணுவ?"

"அப்படியே எடுத்துண்டு ஓடுவேன்."

"மூடியைத் திருகிக் கழட்டி, அதோட பையில பத்திரமா போட்டுட்டு ஓடுவியா?"

"பைத்தியமா எனக்கு?" என்ற கிட்டு அப்படியே நின்றான். "அட, ஆமா. அப்ப மூடி ஏன் பையில இருக்கு?"

"ஸ்டிக்கைச் சேர்க்கும்போதுதான் மூடி அந்தப் பைக்குள்ள போகும். கார்த்தியே சொன்னான். பையில மூடி இருக்குன்னா, ஸ்டிக் பெட்டிக்குள்ள திரும்ப வரவே இல்ல. சேர்ந்த மேனிக்கே எங்கயோ நின்னுது. பிரிச்சு எடுத்துண்டு போயிருந்தா, மரம் கெடாம இருக்க மூடியும் கூடவே போயிருக்கும். ஆள் உசரத்துக்கு ஒரு கம்பு. அதை இந்தப் பையன் எல்லார் கண்ணு முன்னாடியும் படியிறங்கி, பஸ்ல ஏறி, கோவளம் வரைக்கும் கொண்டு போயிருக்க முடியுமா? வெளில போகல. அப்ப எங்க இருக்கு?"

வேதா நேராக அசரியாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"சார், அந்த ராசியான ஸ்டிக்கைக் கொஞ்சம் குடுங்க."

"இது கிளப் ஸ்டிக் அம்மா," என்றார் அசரியா, மார்போடு அணைத்துக்கொண்டு. "வாராவாரம் தோற்கிறேன். கர்த்தர் இப்போதுதான் கண் திறந்திருக்கிறார்."

"கண் தெறந்தது யாருன்னு பாத்துடலாம், குடுங்க."

வாங்கி நடுவில் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. மழை ஈரத்தில் மரம் இறுகியிருந்தது. கிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் ஊறுகாய் ஜாடி திறப்பதுபோல் பல்லைக் கடித்துத் திருப்பினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். எங்கே கோடே இல்லையோ அங்கே ஒரு கோடு விழுந்தது. ஸ்டிக் இரண்டாகப் பிரிந்தது. ஒரு மூடியை எடுத்து ஸ்க்ரூவில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. இன்னொன்றும் ஏறியது.

"அப்போ நான் ஜெயித்ததெல்லாம்…" என்று அசரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கார்த்தி, தோத்த கோவத்துல ஸ்டிக்கை டேபிள்லயே போட்டுட்டுப் பெட்டியை மட்டும் மூடிட்டுப் போன. அப்படித்தான?"

கார்த்தியின் கண்கள் கலங்கிவிட்டன. "மறுநாள் பெட்டி காலியா இருந்ததும் பயந்துட்டேன் ஆன்ட்டி. தூக்கிப் போட்டுட்டு வந்தேன்னு சொன்னா மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்? உள்ள வெச்சேன்னு சொல்லிட்டேன். இவன்தான் எடுத்திருப்பான்னு நெஜமாவே நெனச்சேன்."

"அப்படி நெனைக்கறது உனக்குச் சௌகரியமாவும் இருந்தது. வர்ற ஞாயித்துக்கிழமை செலக்ஷனுக்கு நீ போகலாமே." வேதா திரும்பினாள். "சக்தி பஸ்ஸுக்குப் போனப்புறம் கடையை மூடினது யார்? டேபிள் மேல கெடந்த ஸ்டிக்கெல்லாம் அள்ளினது யார்?"

ஜெபராஜ் சுவரைப் பார்த்தார். சட்டம் நிரம்பியிருந்தது. அவர் தலை மெல்லக் குனிந்தது.

"நான்தான்," என்றார். "ஒண்ணுக்கு எடம் இல்ல. சுவத்துல சாய்ச்சு வெச்சேன்."

"உங்களுக்கு ஆடத் தெரியாது, வித்தியாசம் தெரியல. அது தப்பில்ல. ஆனா அந்த ஸ்டிக்கைக் கையில எடுத்தா அடையாளம் தெரியறவங்க ரெண்டே பேர். ஒருத்தன் கிளப் ஸ்டிக்கைத் தொட மாட்டான். இன்னொருத்தனை நீங்க உள்ளயே விடல."

ஜெபராஜ் போனை எடுத்தார். செலக்ஷன்காரர்களைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி, "எங்க கிளப் பேரு சக்திதாங்க, மாத்தமே இல்ல," என்று சொல்லி வைத்தார். பிறகு சக்தியிடம் வந்தார்.

"மன்னிச்சுருப்பா. உள்ள வா."

சக்தி அப்போதுதான் வாசலைத் தாண்டினான். நேரே கவுன்ட்டருக்குப் போனான். பிளாஸ்டிக் கவரையும் துணிப் பையையும் எடுத்து வந்து, அன்று தன் பையைக் கொட்டிய அதே மேஜைமேல், ஜெபராஜுக்கு எதிரே வைத்தான்.

"நீங்கதான சார் கொட்டினீங்க," என்றான். குரல் உயரவில்லை. "எல்லாரும் பாத்துகினுதான இருந்தாங்க. நீங்களே எடுத்து உள்ள வெச்சுக் குடுங்க."

கிட்டு ஏதோ சொல்லப் போனான். வேதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபராஜ் கவரைப் பிரித்தார். டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தார். சீப்பை வைத்தார். பஸ் பாஸைச் சட்டையில் துடைத்து வைத்தார். துண்டை உதறி, மேஜையிலேயே பரப்பி, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கப் பார்த்தார். மடிப்பு கோணலாகப் போயிற்று. பிரித்து மறுபடி மடித்தார். கும்பல் பார்த்துக்கொண்டிருந்தது. சக்தி அவசரப்படவில்லை, அவர் முடிக்கும்வரை நின்று வாங்கிக்கொண்டான்.