வரேன் என்று சொன்னவர்கள்

காலை ஆறு மணிக்கு அறை தொண்ணூற்று மூன்றில் விளக்கு எரிந்தது. படுக்கை வெதுவெதுப்பானது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய காற்று, அதாவது ஒரு மூச்சுப்படி, குழாய் வழியே அளந்து உள்ளே விடப்பட்டது.

“வணக்கம், ஆறுமுகப்பெருமாள் அவர்களே. வெளியே உறைநிலைக்குக் கீழே அறுபத்திரண்டு பாகை. தலைக்கவசம் இல்லாமல் கிளம்ப வேண்டாம்” என்று சுவர் பணிவாகச் சொன்னது.

அறையில் யாரும் இல்லை. ஆறுமுகப்பெருமாள் நான்கு வருடங்களுக்கு முன்பே பணி ஓய்வு பெற்று, கப்பலேறி, பூமியில் கோவில்பட்டியிலுள்ள தம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க் கோளின் செம்புலம் குடியிருப்பில் மொத்தம் இருநூறு அறைகள். அவற்றில் அறுபத்து மூன்று தினமும் இப்படித்தான் ஆளில்லாமல் விடிந்தன.

அதே நேரத்தில் மேற்குக் கூடத்தில், மூன்றடுக்குப் படுக்கையின் நடு அடுக்கிலிருந்து சண்முகக்கனி பக்கவாட்டில் புரண்டு இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றுக்குழாய்களைப் பற்றவைப்பது அவள் வேலை. வயிற்றில் ஏழு மாதம். கணவன் இசக்கிமுத்துவுக்குப் பனிச்சுரங்கத்தில் வேலை. அவன் படுக்கை கிழக்குக் கூடத்தில். அறை கேட்டு இருவரும் பெயர் பதிந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. வரிசையில் முதல் பெயர் அவர்களுடையதுதான். ஆனால் காலி அறை என்று ஒன்றுகூட இல்லை என்பதே கணினியின் பதில்.

விதி எண் நாற்பது: அறை இல்லாத குழந்தைக்கு மூச்சுப்படி கிடையாது. ஆகவே அன்று பத்து மணிக் கப்பலில் அவள் பூமிக்கு ஏற வேண்டும். இசக்கிமுத்துவின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருடம். அவன் முதன்முதலாகப் பார்க்கும்போது அவன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் வாக்குக் கதவு.

ஒரு காலத்தில் செம்புலத்து அதிகாரிகள் பட்டியலைத் திருத்தித் தங்கள் மைத்துனர்களுக்கு அறை கொடுத்தார்கள். அதை ஒழிக்க, மனிதக் கையே படாத ஏற்பாடு ஒன்று வந்தது. குடியிருப்பை விட்டு வெளியே போகிற எவரும் வெளிக்கதவின் மஞ்சள் கோட்டுக்குள் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘வருகிறேன்’ என்றால் அவருடைய அறையும் மூச்சுப்படியும் அவருக்காகக் காத்திருக்கும். ‘போகிறேன்’ என்றால் அந்தக் கணமே அறை விடுவிக்கப்பட்டு வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். முகம் பார்ப்பதில்லை, சிபாரிசு கேட்பதில்லை, எழுதிக் கொடுத்தால் ஏற்பதில்லை. குரலும் சொல்லும் மட்டுமே சான்று. போனவர் பூமியிலிருந்து பேசினாலும், அது கதவின் காதில் விழுந்தால் சரி.

இந்த விதியை எழுத ஒன்பது பேர் கொண்ட குழு. ஒன்பது பேரும் தமிழ் படித்தவர்கள். இருபத்திரண்டு முறை கூடினார்கள். ஒவ்வொரு முறையும் கூட்டம் முடிந்ததும் எழுந்து, “அப்ப வரேன்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். இனி சந்திக்கவே போவதில்லை என்று தெரிந்த கடைசிக் கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்கள். தாங்கள் சொன்னது ஒன்பது பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை.

விதி அமலுக்கு வந்தது. மாற்றலானவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குள் நின்று வாய் நிறைய “வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு அவர்கள் வாக்கை நம்பியது. நம்பியது அது ஒன்றுதான்.

சண்முகக்கனி விடவில்லை. ‘போகிறேன்’ என்று ஒரு வார்த்தை கதவுக்குச் சொல்லும்படி கோவில்பட்டி ஆறுமுகப்பெருமாளுக்குக் குரல் அஞ்சல் அனுப்பினாள். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

“தாயி, அந்த அறைய நீயே வச்சுக்கோ. எனக்கு எதுக்கு? ஆனா அந்த வார்த்தைய மட்டும் சொல்லச் சொல்லாதே. எழுபத்தஞ்சு வயசாச்சு. நான் வாயத் தொறந்து அதச் சொன்னது வீட்டுல தெரிஞ்சா, வெளக்குமாத்த எடுத்துருவா. வேற என்ன வேணும்னாலும் கேளு.”

மற்ற அறுபத்திரண்டு பேரில் பதினேழு பேர் பதில் அனுப்பினார்கள். பதினேழு பேரும் அவளை வாழ்த்தினார்கள். அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கதவடியில் குடியிருப்பு அலுவலர் பரஞ்சோதி நின்றிருந்தார். விதி எழுதிய குழுவின் செயலாளர் அவர்தான். செம்புலத்திலேயே சன்னல் உள்ள ஒரே அறையான ஏழாம் எண்ணில் தனியாக இருந்தார். வழியனுப்ப அவர் வருவதில்லை. இந்தப் பெண்ணும் ‘வரேன்’ என்று சொல்லி ஒரு படுக்கையை முடக்கிவிடக் கூடாதே என்றுதான் வந்திருந்தார்.

“கோட்டுக்குள்ள வாங்கம்மா. வேற எதுவும் பேசக் கூடாது. நான் எழுதிக் கொடுத்த வார்த்தைய மட்டும் படிங்க.”

சண்முகக்கனி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

“ரெண்டு உசுரா நிக்கேன் சார். இத எப்படி சார் வாயால சொல்ல?”

“ஏன், வாயில முள்ளு குத்துதா?”

“நீங்க வேணா கப்பல விட்டுருங்க சார், அவ சொல்ல மாட்டா” என்றான் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற இசக்கிமுத்து. “எங்க ஆச்சி செத்தன்னைக்குக்கூட வாரேன்னுதான் சொல்லிச்சு.”

பரஞ்சோதிக்குப் பொறுமை போய்விட்டது. தாளைப் பிடுங்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குள் வந்து நின்றார்.

“கோள் விட்டுக் கோள் வந்தும் உங்களுக்கெல்லாம் புத்தி வரலியே! இது வெறும் வினைமுற்றும்மா. தன்மை, ஒருமை, நிகழ்காலம். ஏழாங் கிளாஸ் இலக்கணம். இதுல என்ன சகுனம்? இதோ, நான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க: போகிறேன். என்ன ஆச்சு? என் தலையில இடி விழுந்துச்சா?”

இடி விழவில்லை. மணி அடித்தது.

“நன்றி, பரஞ்சோதி அவர்களே. இத்தனை வருடத்தில் இந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் நீங்கள். அறை ஏழு விடுவிக்கப்பட்டது. சண்முகக்கனி அவர்களே, இசக்கிமுத்து அவர்களே, அறை ஏழு இனி உங்களுடையது. படுக்கை சூடாகிக்கொண்டிருக்கிறது.”

“ஏய், இல்ல! வரேன்! வரேன்!” என்று கத்தினார் பரஞ்சோதி.

“மகிழ்ச்சி. புதிதாக வருபவர்கள் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும்” என்றது கதவு.

இசக்கிமுத்து பையைக் கீழே வைக்காமலே கேட்டான். “சன்னல் இருக்குற அறைதானே சார் அது?”

அலுவலகத்தில் எழுத்தர் மரகதவல்லி அவரைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போயிட்டீங்களே சார்.”

“என்னம்மா பேசுறே? உன் முன்னாலதானே நிக்கிறேன்!”

“நிக்கிறீங்க சார். ஆனா போயிட்டீங்க. பன்னிரண்டாம் விதி. நேரில் நிற்பது சான்று ஆகாது.”

“அந்த விதிய எழுதினதே நான்தான்!”

“நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்கயும் ஓட்டை இல்ல.” வரிசைச் சீட்டை நீட்டினாள். “முப்பத்தொன்பதாவது இடம். அதுவரைக்கும் விருந்தாளிக் கணக்குல முப்பது நாள் மூச்சுப்படி. காத்திருப்புக் கூடத்துல இருங்க.”

காத்திருப்புக் கூடத்தில் ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு ஒன்றுதான். அதில் நான்கு இடத்தில் ஆளில்லை. நான்கு துண்டுகள் மட்டும் கிடந்தன. ஓரமாகப் பத்துப் பேர் கால் மாற்றி நின்றார்கள். துண்டுகளை யாரும் தொடவில்லை.

“யாருதுங்க இதெல்லாம்?”

“வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க” என்றார் நின்றவர்களில் ஒருவர். “வந்துருவாங்க.”

“எப்பப் போனாங்க?”

“நான் வர்றதுக்கு முன்னாலயே.”

ஐந்தாவது இடத்தில் இருந்தவர் அலுவலரைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து இடம் விட்டார். பரஞ்சோதி அங்கே உட்கார்ந்தார். தொண்டை வறண்டிருந்தது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, கழுத்திலிருந்த வியர்வைத் துண்டை எடுத்து, நான்கு மூலையும் சரியாக இழுத்துவிட்டுப் பெஞ்சில் விரித்தார்.

“கொஞ்சம் பாத்துக்குங்க சார்” என்றார். “இதோ வரேன்.”