கருவாடு மணத்த கைப்பை

கைப்பையைத் தூக்கியதுமே முனவ்வறாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் கனத்த பை இப்போது லேசாக இருந்தது.

திறந்து பார்த்தாள். தம்பி ஹாதிக்கின் ஒட்சிசன் மெஷினைக் காணோம். அந்த இடத்தில் பேப்பரில் சுற்றிய பொதிகள். கருவாட்டு மணம் மூக்கில் ஏறியது.

ஹாதிக்கின் நுரையீரல் பிறந்ததிலிருந்தே பலவீனம். "பிளேன் உயரப் போனா இவருக்கு மூச்சுக் காத்து போதாது. மெஷின் பக்கத்திலயே இருக்கணும்" என்று டொக்டர் அதை அவள் கையில்தான் கொடுத்தார். உம்மாவோடு கட்டாருக்கு, அங்கே வேலை செய்யும் வாப்பாவிடம் போகும் பயணம். விமான நிலையத்துக்குப் போகும் வேன் இப்போது வந்துவிடும்.

யார் எடுத்திருப்பார்கள்? ஹாதிக்தான், வேறு யார்?

"மெஷின எங்க ஒளிச்ச?"

"நான் எடுக்கல்ல ராத்தா."

"மூக்குல குழாய் மாட்டினா யானை மாதிரி இருக்கு எண்டு நேத்து அழுதாய்தானே?"

"அழுதன். எடுக்கல்ல."

"கையக் காட்டு."

மோந்து பார்த்தாள். மாங்காய் மணம். ஹாதிக்கின் கண் கலங்கியது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை, உம்மாவின் கையையும் மோந்தாள்.

"என்ன புள்ள, பூனை மாதிரி?" என்றார் உம்மா. அந்தக் கையில் வெறும் அரிசிமா மணம்.

குழாயடியில் உம்மாவின் தங்கை சஹ்லா சாச்சி, மணம் போகக் கையில் தேசிக்காய்ப் புளி தேய்த்துக்கொண்டிருந்தார். முனவ்வறா மெல்ல நெருங்கினாள்.

"சாச்சி, மெஷின் எங்க?"

"பெரிய பெட்டிக்குள்ள வெச்சிட்டன். அக்கம்பக்கத்து ஆக்கள் கட்டார்ல இருக்கிற அவங்கட புள்ளைகளுக்கு எங்கள நம்பித் தந்த சாமான் எல்லாம் அமானிதம். துலைஞ்சா என்ன பதில் சொல்ற? அதுதான் கைப்பைல வெச்சன்."

"பெரிய பெட்டி பிளேனுக்கு அடியில போயிரும் சாச்சி. நடுவில தம்பிக்கு மூச்சு முட்டினா ஆரு போய் எடுக்கிற? டொக்டர் என்ட கையில தந்த மெஷினும் அமானிதம்தானே?"

சாச்சியின் முகம் வெளுத்தது. "யா அல்லாஹ், எனக்கு இது தெரியாம போயிட்டே" என்று ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். மெஷின் கைப்பைக்குத் திரும்பியது. ஆனால் பொதிகளை வைத்ததும் பெட்டியை மூட முடியவில்லை.

வாப்பாவுக்குக் காட்டவென்று பெட்டியில் வைத்திருந்த புதுச் சட்டையை முனவ்வறா ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு வெளியே எடுத்து வைத்தாள். பெட்டியை மூட முடிந்தது.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டன், மன்னிச்சுக்க" என்றாள் ஹாதிக்கிடம்.

"ஓம்" என்றான் அவன், இன்னும் முறைத்தபடி.

விமானத்தில் ஹாதிக் குழாயை மாட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினான். முனவ்வறா தூங்கவில்லை. பையின் பக்கம் வந்த எல்லோரையும் சந்தேகமாகவே பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணைக்கூட.

கட்டாரில் வாப்பா இருவரையும் அணைத்துக்கொண்டார்.

"புதுச் சட்டை எங்க மகள்? கொண்டுவந்து காட்டுறன் எண்டு சொன்னீங்களே?"

முனவ்வறா வாய் திறக்குமுன் ஹாதிக் சொன்னான்: "ராத்தாட சட்டை ஊரில வாப்பா. அத விட்டுட்டு வந்ததாலதான் என்ட மூச்சு கைப்பைல வந்த."