வெல்லப் பாகுத் தங்கம்

ஸஞ்சனா ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அதனால் அந்த வருடம், அதாவது 1994-இல், வீட்டுக் கொலுவுக்கு மலை கட்டும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது. மைசூரில் கொலு வைக்கிற வீடுகளில் சாமுண்டி மலைதான் கட்டுவார்கள். இவள் களிமண்ணில் எரிமலை கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில், ஒன்றாம் வகுப்புத் தம்பி கௌஸ்துப் உதவி செய்ய நினைத்தான். ஈர மலைக்கு நேரே டேபிள் ஃபேனை வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டான்.

மத்தியானம் பார்த்தால் மலை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது! விரலே உள்ளே போகும். பொம்மைகள்மேல் சரிந்துவிடும், ஆறு மணிக்குக் கொலு பார்க்க எல்லோரும் வருவதற்குள் அப்புறப்படுத்து என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஸஞ்சனாவுக்கு அழுகை முட்டியது. தம்பியை நாலு வார்த்தை திட்டலாம் என்று தேடினாள். அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"சீக்கிரம் காயட்டும்னுதான் வெச்சேன், அக்கா."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை. குனிந்து விரிசலைப் பார்த்தாள். பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது.

கோலார் பக்கம் பல கோடி வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடி இறுகியது. பிறகு பூமியின் நிலத்தட்டுகள் நெருக்க, பாறை மடங்கி விரிசல் விட்டது. ஆழத்திலிருந்து கொதிநீர் அந்த விரிசல்களில் ஏறியது. தன்னில் கரைந்திருந்த தங்கத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனது.

அடுக்களையில் அம்மா வெள்ளிக்கிழமைப் புட்டுக்காக வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரு துளி போட்டால் 'ணங்' என்று கேட்க வேண்டும், அதுதான் பதம். மலைக்கு இரண்டு கரண்டி கேட்டாள் ஸஞ்சனா.

"பெருமாளுக்குப் பண்றதுல கை வைக்கப்படாது" என்றாள் அம்மா. ஆனாலும் மகள் விஷயத்தைச் சொன்னதும், மிச்ச வெல்லத்தைத் தனியாக அடுப்பில் ஏற்றினாள்.

அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு மணைப்பலகையை எடுத்து, இரண்டு பக்கமும் மலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். "நீ ஒரு நிலத்தட்டு, நான் ஒரு நிலத்தட்டு" என்று ஸஞ்சனா சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மா பாகை மெதுவாக ஊற்றினாள். ஆறியதும் மலை கல் மாதிரி நின்றது. விரிசல் முழுக்கப் பொன்னிறக் கோடு மின்னியது.

மாலையில் எதிர்வீட்டு ஜயம்மா மாமி குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டாள். ஸஞ்சனா தம்பியைப் பதில் சொல்லச் சொன்னாள்.

"மலை வெடிச்சாத்தான் தங்கம் வரும், மாமி. நான்தான் வெடிக்க வெச்சேன்" என்றான் கௌஸ்துப் பெருமையாக.

மாமி அதிசயித்துக்கொண்டிருந்தபோதே, பொன்னிறக் கோட்டின்மேல் பிள்ளையார் எறும்புகள் வரிசையாக ஏறின. அம்மா மஞ்சள்பொடி டப்பாவோடு ஓடிவந்தாள். கௌஸ்துப் குறுக்கே நின்றான்.

"இரும்மா, சுரங்கத்துக்கு வேலையாள்லாம் வந்திருக்கா."

மாமி கையிலிருந்த சுண்டல் சிதறும்படி சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. டப்பாவைத் திறக்காமலே திரும்பிப் போனாள்.