தொடைமேல் கல்

அன்னவாசல் பள்ளிக்கூட மைதானத்தில் மருத்துவக் கூடாரம் போட்டிருந்தார்கள். கால் கட்டை மாற்றத்தான் போனேன். பூமி ஆடினப்ப ஓடு விழுந்து கிழிச்ச காயம், சீழ் வச்சிருச்சு. வெளியூர் டாக்டர்களை நம்பிப் போகல. நாத்தம் தாங்காமப் போனேன்.

"சாயங்காலம் வரைக்கும் மருந்து ஏறணும், படுங்க தாத்தா" என்றாள் டாக்டர் பிளெஸ்ஸி. சின்னப் பொண்ணு.

அடுத்த கட்டிலில் என் அக்கா மகன் வெற்றிசெல்வன். கல் குவாரிக்காரன். கை விரல் மட்டும் நசுங்கியிருந்தது. அது நசுங்கின கதையைச் சொல்லணும்.

அவன் பொண்டாட்டி செல்வராணி தொடை ரெண்டின் மேலயும் நிலைவாசல் கல்லு விழுந்து கெடந்துச்சு. மேல கிடந்த இடிபாட்டை அள்ளவே பகல் போயிருச்சு. அவ நல்லாத்தான் பேசினா. "மலையைப் பேக்குற ஆளுக்குப் பொண்டாட்டி மேல இருக்க கல்லு கனக்குதாக்கும்"னு கேலி வேற.

அப்பத்தான் பிளெஸ்ஸி ஓடி வந்தா. "கல்லைத் தொடாதீங்க! நசுங்குன சதையில விஷம் தேங்கியிருக்கும். எடுத்ததும் நெஞ்சுக்கு ஏறிடும். மொதல்ல மருந்து ஏத்தணும்."

"நீங்க ஊசியப் பாருங்கம்மா. கல்லு எங்க வேலை" என்றான் வெற்றிசெல்வன். குவாரியில் ஆள் சிக்கினால் மொதல்ல கல்லைப் புரட்டுவானுக, அப்புறந்தான் மத்ததெல்லாம். கடப்பாரை என் வீட்டுது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நெம்புனான். கல்லு புரண்டது. அவன் விரலும் போச்சு.

"யப்பா, எறங்கிருச்சு" என்று சிரிச்சா செல்வராணி.

சிரிச்ச வாய் மூடல.

இப்ப அவன் கட்டிலில் கெடந்து முனகினான். வெளியே வெயில் கொளுத்துது. கூடாரத்துக்குள்ள டெட்டால் வாடை. அதுக்கு அடியில ஈரக் கல்தூசி வாடை.

"மாமா... தொடை மரத்துப்போச்சு."

"கையிலதானடா அடி?"

"அவ ஒக்காந்திருக்கா மாமா. ரெண்டு தொடை மேலயும். எறங்கச் சொல்லுங்க."

என் கண்ணுக்கு யாரும் தெரியல. அவன் கட்டிலோட கித்தான் துணி மட்டும் தரையைத் தொடுற மாதிரி தொங்கிச்சு.

பிளெஸ்ஸி வந்து போர்வையை விலக்கினா. தொடை ரெண்டும் பலகை மாதிரி வீங்கி நீலம் பாரிச்சிருந்துச்சு. மூத்திரப் பையைத் தூக்கிப் பாத்தா. கடுங்காப்பி நெறம்.

"இது கல்லுக்கடியில சிக்கினவங்களுக்குத்தானே வரும்" என்று முணுமுணுத்தா. மருந்து எடுக்க ஓடினா.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவன் காதுக்கிட்டக் குனிஞ்சேன்.

"டேய், எறங்கச் சொல்லாத. மருந்து ஏறட்டும். அது வரைக்கும் இருக்கட்டும்டா."

"வலிக்குது மாமா. ஆத்தா செல்வராணி, எறங்குடி... எறங்கிரு..."

கித்தான் மெல்ல மேலே எழும்பிச்சு.

வெற்றிசெல்வன் மூச்சு விட்டான். அவ சிரிச்ச அதே சிரிப்பு.

"யப்பா. எறங்கிட்டா மாமா."

பிளெஸ்ஸி வந்தப்ப மருந்தேத்த அவன் உசுரோட இல்ல.

நான் கண்ண மூடிக்கிட்டேன். கல்தூசி வாடை கட்டிலைச் சுத்தி வந்துச்சு. என் பக்கம் நின்னுச்சு.

என் கட்டில் கித்தான் அமுங்கிச்சு.

ஊருக்கு வந்து மாசமாச்சு. நாற்காலியில உக்காந்தாலும், பாயில படுத்தாலும் தொடை ரெண்டும் மரத்தேதான் கெடக்கு. தூங்கப் பயமா இருக்கு. தூக்கத்துல வாய் தவறிச் சொல்லிருவேனோன்னு.

இருந்துக்க தாயி. எறங்கிராத.