ஈஸ்டர் வரை தோண்டாதே!

"ஆ...ஆ...!"

அந்த அலறல் பண்ணை முழுக்கக் கேட்டது.

அலறியவர்... வேறு யாருமில்லை. இன்ஸ்பெக்டர் எக்பெர்ட்!

இருபத்திரண்டு வருட சர்வீஸ். வடக்கு ஜெர்மனியில் அவர் பார்க்காத பிணமா? ஆனால் இன்று அவர் வந்திருந்தது பண்ணையின் பங்குதாரராக. வாரம் ஒரு கூடை காய்கறி வாங்கி, குளிர்காலம் முழுக்க முட்டைக்கோஸாகத் தின்று தீர்த்த இருநூறு பேரில் ஒருவராக. கையில் துப்பாக்கி இல்லை. மண்வெட்டிதான்.

கொம்பு எடுக்கும் நாள் அது.

இலையுதிர் காலத்தில் பசுக்கொம்புகளில் சாணம் அடைத்துப் புதைப்பார்கள். ஈஸ்டர் முடிந்ததும் எடுப்பார்கள். உள்ளே கருகருவென்று உரம். அதைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கி வயலெங்கும் தெளிப்பார்கள்.

எக்பெர்ட் அறுபதாவது கொம்பை எடுத்தார். கடைசிக் கொம்பு.

அதற்குக் கீழே ஒரு பூட்ஸ்.

பூட்ஸுக்குள்... கால்!

"ஐயோ, இது யோஸ்டோட பூட்ஸ்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பண்ணைக்காரன் யோஸ்ட். மனசு வெறுத்து நியூசிலாந்திலிருக்கும் அண்ணனிடம் போயிருக்கிறான், விதைப்புக்குத் திரும்பிவிடுவான் என்று ஆறு மாதமாக எல்லோரும் நம்பிய யோஸ்ட்!

அவன் மனைவி வீப்கா அலறவில்லை. கையிலிருந்த வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சில்க்கா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், கொலைகாரன் ரெடி! பக்கத்து வயல் ஹார்ம்ஸ்!"

"அவன் ஏன் கொல்லணும்?"

"அவன் அடிக்கிற பூச்சிமருந்து காத்துல இங்க வந்து விழுதுன்னு யோஸ்ட் சண்டை போட்டிருக்கார். 'உன் சாணிக் குழியிலயே உன்னைப் புதைச்சிடுவேன்டா'ன்னு ஹார்ம்ஸ் பீர்க்கடையில கத்தியிருக்கான். இருபது சாட்சி!"

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நெஞ்சுல ஒரே குத்து. கத்தி இல்லையாம். உருண்டையா, நுனி கூரா ஏதோ. ஹார்ம்ஸ் கொட்டகையில கடப்பாரை இருக்கு சார்! தூக்கிடலாமா?"

எக்பெர்ட்டுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஹார்ம்ஸ் கொலைகாரனாக இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி!

"சில்க்கா... கொம்பெல்லாம் எப்படி அடுக்கியிருந்தது தெரியுமா?"

"எங்க சார் தெரியும்? நீங்கதான் ஒண்ணு விடாம எடுத்து வெளியே போட்டு, தடயத்தை அழிச்சு வச்சிருக்கீங்களே!"

"அறுபதும் வாய் கீழே பார்த்து இருந்துச்சும்மா. வரிசையா. இல்லேன்னா மழைத்தண்ணி உள்ள நின்னு சாணம் அழுகிடும். ஹார்ம்ஸா இருந்தா அள்ளிக் கொட்டிட்டுப் போயிருப்பான்."

"அப்போ... விஷயம் தெரிஞ்ச ஆளு!"

"விஷயம் தெரிஞ்ச ஆளுக்கு, ஈஸ்டர் முடிஞ்சதும் நாங்க எல்லாரும் வந்து இதே குழியைத் தோண்டுவோம்னும் தெரியும். நாற்பது ஏக்கர்ல ஓடை இருக்கு, காடு இருக்கு. போயும் போயும் இங்க எதுக்கு?"

சில்க்கா குழியை எட்டிப் பார்த்தாள்.

"கிடைக்கணும்னுதான் புதைச்சிருக்காங்க, சில்க்கா. ஆனா... ஈஸ்டர் வரைக்கும் கிடைக்கக் கூடாது."

சொல்லி முடித்ததும் எக்பெர்ட் பண்ணைக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். பிப்ரவரியில் நடந்த பங்குதாரர் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

கொட்டகையில் வீப்கா கூடைகளில் கீரை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே வீப்கா?"

"வெள்ளிக்கிழமை எக்பெர்ட். கூடை போகணும்ல?"

"பிப்ரவரி கூட்டத்துல நாங்க எல்லாரும் இந்த வருஷத்துக்கு வாக்குக் கொடுத்தோம். விளைஞ்சாலும் விளையலைன்னாலும் கூட நிப்போம்னு. அந்தக் கூட்டம் முடியற வரைக்கும் யோஸ்ட் செத்திருக்கக் கூடாது. அப்படித்தானே?"

அவள் கை நின்றது.

"அவன் திரும்பியே வரமாட்டான்னு தெரிஞ்சா யாரு வாக்குக் கொடுத்திருப்பா? பாதிப் பேர் போயிருப்பீங்க. மாடெல்லாம் கசாப்புக்குப் போயிருக்கும்."

"யாரு குத்தினது?"

வீப்கா தொழுவத்தைப் பார்த்தாள்.

"லோட்டா."

"பசுவா...!"

"அன்னிக்கு நீங்கல்லாம் கொம்புல சாணம் அடைச்சுக் கொடுத்துட்டுப் போனீங்க. அடுக்கி மூடறது எங்க ரெண்டு பேர் வேலை. குழி திறந்துதான் இருந்துச்சு. நாங்க மூடறதுக்கு முன்னாடியே லோட்டா கன்னு போட்டுட்டா. இவன் ஆசையா அதைத் தொடப் போனான். அவ ஒரு திரும்பு திரும்பினா... அவ்ளோதான். அவ மேல தப்பில்ல எக்பெர்ட். தாய்தானே? ஒரு மாட்டுக்கும் கொம்பை அறுக்க விட்டதில்ல இவன். கொம்பில்லாம அது என்ன மாடும்பான்..."

"ஆறு மாசம் எப்படிம்மா தாங்கினே?"

"தினமும் பால் கறந்தேன். அவகிட்டயே."

எக்பெர்ட் அவளருகே ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கூடை நெளிந்தது. பொருட்படுத்தவில்லை.

"பங்குன்னா விளைச்சல்ல மட்டுமில்ல, நஷ்டத்திலயும்தான்னு சொல்லி நீதானே எங்ககிட்ட கையெழுத்து வாங்கினே? இந்த ஒரு நஷ்டத்தை மட்டும் ஏன் வீப்கா தனியா வச்சுக்கிட்டே?"

அப்போதுதான் அவள் அழுதாள். ஆறு மாத அழுகை.

வாசலில் நின்றிருந்த பங்குதாரர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கிளம்பவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவள் விட்ட இடத்திலிருந்து கூடைகளை நிரப்பத் தொடங்கினார்கள்.

"மறைச்சதுக்கு கேஸ் உண்டு," என்றார் எக்பெர்ட், மூக்கை உறிஞ்சியபடி. "நான்தான் எழுதியாகணும்."

"எழுது," என்றாள் வீப்கா. "உன் கூடையை மறந்துட்டுப் போயிடாதே."

எக்பெர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போனார். லோட்டா கழுத்தை நீட்டி, அவர் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை லபக்கென்று கவ்வி, விழுங்கிவிட்டது.

"சார்... குற்றவாளியோட வாக்குமூலம்?" என்றாள் பின்னாலேயே வந்த சில்க்கா.

"கொஞ்சம் பொறு! இப்பதான் முழுங்கியிருக்கா... அசை போடறப்ப மறுபடி வெளியே வரும்!"