மூன்றாவது ஃபிளாப்பி

“மூணாவது ஃபிளாப்பியப் போடு” என்றார் சுகன்யா டீச்சர்.

ஜெரின் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பழைய கணினிக்குள் தள்ளினாள். கணினி ‘கர்ர்... கர்ர்...’ என்று இருமியது. பிறகு, ‘படிக்க முடியவில்லை’ என்று திரையில் காட்டிவிட்டு நின்றுபோனது.

நாளை மறுநாள் பள்ளியில் கண்காட்சி. முப்பது வருடங்களுக்கு முந்தைய லினக்ஸ் இயங்குதளத்தை அந்தக் காலத்துக் கணினியிலேயே ஓட்டிக் காட்டுவதாக ஏழாம் வகுப்பு சொல்லியிருந்தது. பேகம்பூரில் கணினிக் கடை வைத்திருக்கும் இஷாக் அண்ணன்தான் கணினியும் பத்து ஃபிளாப்பிகளும் கொடுத்தார். கடைசி ஃபிளாப்பிகளில் விளையாட்டுகள்கூட இருந்தன. முதல் நான்கில் இருந்தவை அடிப்படைத் தொகுப்புகள். அவை இல்லாவிட்டால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

“ஃபிளாப்பி டப்பா யாருகிட்ட இருந்துச்சு?” என்று கேட்டார் டீச்சர்.

“எங்கிட்டதான் டீச்சர். முறுக்கு தின்ன கையோட தொட்டுட்டேன் போல” என்றாள் ஜெரின்.

“முறுக்கு ஃபிளாப்பி!” என்று கத்தினான் ஆனந்த்ராஜ். வகுப்பே சிரித்தது. ஜெரின் கண் கலங்கிவிட்டது.

மஹ்ஜபீன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் காது இரண்டும் சுட்டன.

நேற்று யாரிடமும் சொல்லாமல் அந்த ஃபிளாப்பியை வீட்டுக்கு எடுத்துப்போனவள் அவள்தான். அத்தாவிடம் காட்ட ஆசை. அவர் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று, மீன் வடிவக் காந்தத்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். காலையில் டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டாள். காந்தம் பட்டால் ஃபிளாப்பியில் இருப்பது அழிந்துபோகும் என்று டீச்சர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து பையைத் துழாவினாள்.

மதியம், குழாயடியில் ஜெரின் மூன்றாம் முறையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எண்ணெ இருக்கா, பாரேன்” என்று கையை நீட்டினாள்.

மஹ்ஜபீனால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

“முறுக்கு இல்ல ஜெரின். நான்தான் கெடுத்தேன்” என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெரின் குழாயை மூடினாள். “அம்புட்டுப் பேரும் சிரிச்சப்போ ஏன் சும்மா இருந்த?”



மணி அடித்ததும் மஹ்ஜபீன் வகுப்பின் முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

பள்ளி விட்டதும் இஷாக் அண்ணன் கடைக்கு நடந்தாள். பின்னாலேயே ஜெரின் வந்தாள்.

“நீ ஏன் வார?”

“கோவமாத்தான் இருக்கேன். ஆனாலும் வாரேன்.”

கடையில் மஹ்ஜபீன் தலைகுனிந்தபடியே பேசினாள். “அண்ணே, நீங்க குடுத்த ஃபிளாப்பிய ஃபிரிட்ஜுல ஒட்டிக் கெடுத்துட்டேன்.”

“ஃபிரிட்ஜுலயா?” அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“லினக்ஸ யாரு வேணும்னாலும் நகல் எடுக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க. அந்தத் தொகுப்ப இணையத்துல தேடி எடுத்து, வேற ஃபிளாப்பில ஏத்தலாமாண்ணே?”

“தேடு, பாப்போம்” என்று தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

மஹ்ஜபீன் தேடினாள். ஜெரின் கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இஷாக் அண்ணன் கொடுத்த வெற்று ஃபிளாப்பிகளில் முதலாவது வேலை செய்யவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது ஏற்றுக்கொண்டது.

மறுநாள் பத்து ஃபிளாப்பிகளும் தடையில்லாமல் ஓடின. கணினி எழுந்தது. பயன்படுத்துபவர் பெயரைக் கேட்டது.

மஹ்ஜபீன் விசைப்பலகையை ஜெரின் பக்கம் தள்ளினாள். “உன் பேரப் போடு.”

“எட்டு எழுத்துக்கு மேல போகக் கூடாதாம்” என்ற ஜெரின், விரல்விட்டு எண்ணினாள். பிறகு ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். சரியாக எட்டு எழுத்து.

திரை அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது: மஹ்ஜெரின்.