கேமரா பார்க்காத அறை

முற்றத்தில் ஒரு காலடி அதிகமாக இருந்தது.

அவன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். ஆறு சிப்பாய்கள், ஆளுக்கு நான்கு சுவடு, ஆக இருபத்து நான்கு. எல்லாம் மேஜைமேல் பரப்பிய மண்ணில் அவன் கையால் பதித்தவை. ஓரடி உயரப் பொம்மையைக் கொண்டுவந்து அப்படியே மண்மேல் நிறுத்தினால் படத்திலும் அது பொம்மையாகத்தான் நிற்கும். உபரியாக வைத்திருக்கும் குட்டி பூட்ஸால் அதன் பின்னே நாலு சுவடு அழுத்திவிட்டால் போதும், எங்கிருந்தோ நடந்து வந்த ஆளாகிவிடும். இந்த வித்தை பிடிபடவே அவனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் இருபத்தைந்தாவது சுவட்டை அவன் பதிக்கவில்லை. அதில் பூட்ஸின் வரிகள் இல்லை. அரைச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெறுங்கால், ஐந்து விரல்களும் தெளிவாக.

அவனிடம் இருந்த எந்தப் பொம்மைக்கும் பாதம் கிடையாது. பூட்ஸைக் கழற்றினால் கணுக்காலில் ஒரு முளைதான் இருக்கும்.

பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் இந்த யுத்தம். கடையில் வாங்கிய சிப்பாய்களின் முகத்தைச் சுரண்டி வேறு முகம் வரைவான், உடுப்புகளைக் காபித் தண்ணீரில் ஊறவைத்து அழுக்காக்குவான், தெர்மோகோலில் ஊரைக் கட்டித் தானே இடிப்பான். ஃபிரேம் ஃபிரேமாகப் படம் பிடித்து, பேச்சுக் குமிழி ஒட்டி, வாராவாரம் இணையத்தில் போடுவான். நாலாயிரம் பேர் காத்திருந்து படித்தார்கள். மனைவி மட்டும் படித்ததில்லை. "நாப்பது வயசுல பொம்மைக்குச் சட்டை மாத்திட்டிருக்கார்" என்று அவள் தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தது ஒருமுறை அவன் காதில் விழுந்தது. அவனும் சேர்ந்து சிரித்து வைத்தான்.

இன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஏழு வயது மகள் இரண்டு நாள் காய்ச்சலோடு பக்கத்து அறையில் படுத்திருந்தாள். "மணிக்கொரு தடவை தொட்டுப் பாருங்க. அந்த ரூமுக்குள்ள போயிட்டா உங்களுக்கு உலகமே மறந்துடும்" என்று செருப்பு மாட்டும்போதுகூட மனைவி சொன்னாள். அவனும் பெரிதாகத் தலையாட்டினான். அது காலை எட்டு மணிக்கு. இப்போது மூன்று.

ஜன்னலில் கறுப்புத் துணி. ஒரே ஒரு விளக்கு. காற்றில் மண் பறந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்தியிருந்தான். வியர்வை முதுகில் ஊர்ந்து இறங்க, பசையின் நெடியும், காயவைத்துச் சலித்து மண்ணோடு கலந்த பழைய டீத்தூளின் மங்கிய வாசனையும் மூக்கில் அப்பிக்கொண்டு, வீட்டில் எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தமும் தன் மூச்சும் மட்டுமே காதில் விழும் இந்த அடைசலில்தான் அவனுக்கு வேலை ஓடும். இன்று ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் யாரோ பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

"அப்பா, தண்ணி."

"இதோ பட்டு. ஒரே ஒரு ஃபிரேம்."

காலையிலிருந்து எத்தனை முறை இதைச் சொல்லிவிட்டான் என்று அவனுக்கே தெரியாது. பிரஷ்ஷை எடுத்து அந்த வெறுங்கால் சுவட்டை மெல்ல நிரவினான். பட்டுதான் விளையாட்டாக எதையோ வைத்து அழுத்தியிருப்பாள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். கேமராவில் கண்ணை வைத்தான்.

மூன்று வெறுங்கால் சுவடுகள். வரிசையாக, முற்றத்துத் தெர்மோகோல் வீட்டின் கதவை நோக்கி.

கதவு என்பது ஐஸ் குச்சிகளை அடுக்கிச் சுவரோடு ஒட்டிய பலகை. திறக்காது. சிப்பாய் உதைக்கக் கால் ஓங்குவதோடு ஃபிரேம் முடிந்துவிடும் என்பதால் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. கேமரா பார்க்காத இடத்தில் ஒரு சொட்டுப் பசைகூட வீணாக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. அந்த வீட்டுக்கு முன்சுவர் உண்டு, பக்கச் சுவர் உண்டு, மேலே தூக்கி வைக்கும் கூரை உண்டு. உள்ளே வெறும் வெள்ளைத் தெர்மோகோல்.

போன் அதிர்ந்தது. திடுக்கிட்டு முழங்கையை மேஜையில் இடித்துக்கொண்டான்.

"தொட்டுப் பாத்தீங்களா?" மனைவி.

"ம்."

"எப்படி இருக்கு?"

"கொறஞ்சிருக்கு. தூங்குறா."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது. போனை வைத்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும் என்று எழுந்தான்.

"பட்டு, தண்ணி கொண்டு வரவா?"

"வேணாம்ப்பா. குடிச்சிட்டேன்."

"யாரு குடுத்தா?"

குழாய் சொட்டியது.

"கேப்டன்."

காய்ச்சலில் பிதற்றுகிறாள். கேப்டனை அவளுக்குத் தெரியும். ஆறு பேரில் பெரியவன், தாடிக்காரன், அவளுக்குப் பிடித்தவன். அவனை முற்றத்தின் வலதுகோடியில், வலதுகை துப்பாக்கியில் இருக்கும்படி நிறுத்தியிருந்தான். இப்போது அந்தக் கை இடுப்பில் இருந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடுவை. அது உள்ளீடற்ற குடுவைகூட இல்லை, கெட்டிப் பிளாஸ்டிக். அதன் கீழே மண் கறுத்துக் கிடந்தது. விரலால் தொட்டான்.

ஈரம்.

நனைந்த டீத்தூளின் வாசனை குப்பென்று எழுந்தது.

அப்போதே மகளிடம் ஓடியிருக்க வேண்டும். எட்டு அடி வைத்தால் அவள் கட்டில். பழக்கதோஷம், கை கேமராவுக்குப் போயிற்று. ஒரு படம். ஒரே ஒரு படம், ஆதாரத்துக்கு. அழுத்தினான்.

திரையில் ஐந்து சிப்பாய்கள்.

நிமிர்ந்தான். முற்றத்திலும் ஐந்துதான். கேப்டன் நின்ற இடத்திலிருந்து பூட்ஸ் சுவடுகள் புறப்பட்டு வெறுங்கால் சுவடுகளின் பக்கத்திலேயே போயின. அவன் பதிக்காதவை. அழுத்தமானவை. எடையுள்ள ஓர் ஆளின் சுவடுகள்.

கதவு திறந்திருந்தது.

உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

இரண்டு கையாலும் கூரையைப் பிடித்துத் தூக்கினான்.

அவன் கட்டாத அறை. நீலச் சுவர். சுவரில் சாய்ந்த சின்னக் கட்டில். ஸ்டூலில் காய்ச்சல் மருந்துப் பாட்டில், கடுகளவு மூடி. நாலாக மடித்த ஈரத்துணி. கட்டிலில் போர்வை. போர்வை ஏறி இறங்கியது.

"அப்பா!"

பக்கத்து அறையிலிருந்து. தொண்டை கிழிய.

"அப்பா! மேல யாரோ கூரையத் தூக்குறாங்க!"

அதே குரல் மறுபடியும், ஒரு நொடி பிந்தி, மெல்லிய நூலாக, அவன் மோவாய்க்குக் கீழேயிருந்து வந்தது.

தலையைத் திருப்பினான். அறையின் திறந்த கதவு வழியே பக்கத்து அறையில் அவள் கட்டில் தெரிந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணையில் பள்ளம். வேறு ஒன்றும் இல்லை.

குனிந்தான். உள்ளே, போர்வையை உதறிவிட்டு, சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டு, பட்டு. ஒரு சாண் உயரப் பட்டு.

"அப்பாதாண்டா பட்டு. பயப்படாத. நான்தான்."

கையை உள்ளே விட்டான். கட்டிலையே மூடிவிடும் கை. அதன் நிழல் அவளை மூடியது. அவள் அலறினாள். அவன் இதுவரை கேட்டிராத அலறல். பக்கத்து அறையில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. அலறல் இங்கே மட்டும்.

கையை இழுத்துக்கொண்டான். அலறல் நின்றது.

மறுபடி நீட்டினான். மறுபடி அலறினாள்.

நடுவில் கேப்டன் வந்து நின்றான். வாசல் வழியே மற்ற ஐந்து பேரும் புகுந்தார்கள். பூட்ஸ் சத்தம். உண்மையான பூட்ஸ் சத்தம். கடைசியாக வந்தவன் கதவைச் சாத்தினான். கட்டிலைச் சுற்றி அரைவட்டமாக நின்று, ஐந்து துப்பாக்கிகளும் மெதுவாக மேலே உயர்ந்தன.

"பட்டு... இங்க பாரு. அப்பாதான் பட்டு. அப்பா வந்துட்டேன்."

அவள் பார்த்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு ஓடி, கேப்டனின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கேப்டன் குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவள் அந்தத் தோளில் முகம் புதைத்து விசும்பினாள்.

"அப்பா, அது இன்னும் பாக்குதாப்பா?"

அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தபடியே கேப்டன் தலை நிமிர்ந்து மேலே பார்த்தான். அவன் வரைந்த கண்கள் ஒருமுறை இமைத்தன. இடக்கையில் குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, வலக்கையால் ஆறாவது துப்பாக்கியை உயர்த்தி, அவன் கண்ணுக்குக் குறி வைத்தான்.